கண்ணின்கீழ் வீக்கமும் இரண்டு கரண்டிகளும்

நம் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று தமிழ்த்துறைப் பெரியார் ஒருவர் எனக்கு எழுதியபொழுது, பழைய மாணவன் என்னும் உரிமையால் எதைப்பற்றி எழுதலாம் என்று பலநாள் எண்ணினேன். இலக்கியத்தைப்பற்றி எழுதுவார் பலர். நாட்டு நிலையைப்பற்றி எழுதுவார் பலர். யானோ இளைஞரின் கண்ணின்கீழ்த் தோன்றும் சிறு பையைப்பற்றி எழுதத் துணிந்தேன். இதனைக் கண்டு நகைப்பவர் நகைக்க. கண்ணாடி முன் நின்று கீழிமையை விரலால் அழுத்திப் பார்த்து வருந்தும் மாணவர் எத்துணையர் என்பதை விடுதியில் வாழ்ந்தவர் அறிவர். அவ்வருத்தம் சிறிது, ஆயினும் அதனைச் சார்ந்து யான் செய்த பிழை சிறிதன்று. அப்பிழையை மறையாது கூறி, அதனால் யான் கற்றதை நுங்கட்கு அறிவிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2009-ஆம் ஆண்டில் யான் நம் கல்லூரியின் பௌதிக வகுப்பிற் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டு தொடங்கியபொழுது எனக்கு வயது 19. அக்காலத்தேதான் என் இரு கண்களின் கீழும், புளியங்கொட்டையைத் தோலின்கீழ் ஒளித்து வைத்தாற்போன்று, ஒவ்வொரு புடைப்புத் தோன்றலாயிற்று. முதலில் யான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிறர் பொருட்படுத்தினர். ஆசிரியர் ஒருவர், "இரா முழுதும் விழித்துப் படித்தீரோ, தம்பி?" என்று அன்போடு வினவுவார். வகுப்புத் தோழரோ வேறு காரணங்கள் கற்பித்து நகைப்பர். இவையெல்லாம் பொறுக்கத்தக்கனவே. ஆனால், கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபொழுது, எங்கள் ஆலயத்து மூதாட்டி ஒருவர் என் தாயை வழியில் நிறுத்தி, "பட்டணத்திற்குப் போன பிள்ளை குடிக்கக் கற்றுக்கொண்டானோ? முகம் சொல்கிறதே!" என்று கேட்டுவிட்டார். தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் ஜெபிக்கும்பொழுது மாத்திரம் என் பெயரைச் சொல்லி நெடுநேரம் அழுதார். மதுவின் மணமும் அறியாத யான், செய்யாத குற்றத்திற்குச் சாட்சி சொல்லும் முகத்தை அன்று முதல் வெறுக்கத் தலைப்பட்டேன்.

விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டதும் என் சிகிச்சைகள் தொடங்கின. வெள்ளரிக்காய் வில்லைகளைக் கண்மேல் வைத்துப் படுத்தேன். பயன்படுத்திய தேயிலைப் பைகளைக் குளிரவைத்து ஒற்றினேன். உருளைக்கிழங்கைத் துருவிப் பூசினேன். விடுதிச் சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தேக்கரண்டிகளை இரவல் வாங்கி, அங்கிருந்த குளிர்பெட்டியில் இராப்பொழுது வைத்து, விடியலில் எடுத்து, அவற்றின் முதுகைக் கண்ணின்கீழ் அழுத்திக்கொண்டேன். சில நிமிடங்கள் புடைப்புக் குறைந்தாற்போலத் தோன்றும். வகுப்பு மணி அடிப்பதற்குள் மீண்டும் பழைய நிலையே.

இவை போதாவென்று, மருந்துக்கடை ஒன்றில் மருத்துவர் சீட்டின்றியே ஒரு களிம்பு வாங்கினேன். உணவுச் செலவிற்கென்று தந்தை அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி அதற்குச் சென்றது. பூசிய சின்னாட்களில் தோல் வெளுத்து மெல்லிதாயிற்று. பின் சிவந்து எரிந்தது. அதில் வீரியமிக்க ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அத்தகைய களிம்பைக் கண்ணருகே நெடுநாள் பூசின் தோல் நலிவதோடு, கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வைக்கே கேடு விளையலாம், கண்புரையும் தோன்றலாம். எரிச்சல் தாங்காது யான் அதனை எறிந்துவிட்டது என் அறிவினால் அன்று, நற்பேற்றினால்.

நிற்க. இத்துணைப் பிரயாசைப்பட்டவன் ஆதலின், விடுதியில் எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. யாருடைய கண்ணேனும் வீங்கின், "கண் வைத்தியரிடம் செல்" என்று என்னைச் சுட்டுவர். யானும் அப்பெயரை மறுத்தேனல்லேன். ஒன்றும் பயனளிக்கவில்லை என்பதை என் உள்ளம் அறிந்திருந்தும், பிறர் கேட்கும்பொழுது அறிந்தவன்போல் உரைப்பது எனக்கு இனிதாயிருந்தது.

2011-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் அறைக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் நெல் பயிரிடும் குடும்பத்தவன், அதிகம் பேசாதவன், என்னை "அண்ணே" என்றே அழைப்பான். வந்து இரண்டு திங்கள் ஆனபின் ஒருநாட்காலை அவன் எழுந்தபொழுது, அவனுடைய இரு கண்களும் வீங்கி இமைகள் பாதி மூடியிருந்தன. "அண்ணே, எனக்கும் உங்கள் நோய் தொற்றிவிட்டது போலும்" என்று சிரித்தான். யானும் சிரித்து, என் இரண்டு கரண்டிகளை அவனுக்குக் கொடுத்தேன். நண்பகலில் வீக்கம் தணிந்தது. "பார்த்தாயா?" என்று பெருமிதத்தோடு கூறினேன்.

மறுநாளும் வீங்கிற்று, அதன் மறுநாளும் வீங்கிற்று. இரவில் விழித்துப் படிக்காதே என்றேன். உப்பைக் குறை என்றேன். ஊறுகாயை அவன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் இட்டுக்கொண்டேன். வீக்கம் மாலையில் முகத்தை விட்டுக் காலுக்கு இறங்கியது. செருப்பின் வார் பதிந்த தடம் நெடுநேரம் மாறாதிருப்பதை அவனே என்னிடம் காட்டினான். "நெடுந்தொலை நடந்திருப்பாய்" என்றேன். சிறுநீர் கழித்தால் சவர்க்காரம் கரைத்தாற்போல நுரை நிற்கின்றது என்று ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னான், அதற்கும் நகைத்தேன். இங்ஙனம் மூன்று வாரங்கள் கழிந்தன. என் கண்ணையே நாள்தோறும் கண்ணாடியில் ஆராய்ந்துகொண்டிருந்த எனக்கு, எதிர்க்கட்டிலில் உறங்குபவனுடைய கண்ணில் நிகழ்ந்தது விளங்கவில்லை. துரும்பும் உத்திரமும் பற்றிய உவமையை ஞாயிறுதோறும் ஆலயத்திற் பாடும் குழுவில் நின்று பலமுறை கேட்டவன் யான் என்பதை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகின்றேன்.

அவனைக் காத்தவர் எங்கள் விடுதிச் சமையற்காரர். அவரை யாவரும் "அண்ணாச்சி" என்றே அழைப்போம். ஒருநாள் காலையுணவின்போது அவர் என் நண்பனை நெடுநேரம் உற்றுநோக்கி, அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தார். "தம்பி, காலை நீட்டும்" என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் தம் பெருவிரலை ஊன்றி அழுத்தி எடுத்தார். அழுத்திய இடத்தில் ஒரு குழி விழுந்து, அப்படியே நின்றது. "என் பேரனுக்கு ஐந்து வயதில் இப்படித்தான் கண் வீங்கிற்று. நாங்களும் தூக்கக் குறை என்றுதான் இருந்தோம். இது சிறுநீரக நோயாயிருக்கலாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். பின்பு என்னை நோக்கி, "நீர் அந்தக் கரண்டிகளைத் திருப்பிக் கொடும்" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

அன்றே விடுதிக் காப்பாளர் எங்களை மருத்துவமனைக்கு அனுப்பினார். முதலிற் செய்த சோதனை மிக எளியது: சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையைத் தோய்த்து நிறம் பார்த்தார்கள். அது புரதம் மிக்கிருப்பதைக் காட்டியது. பிறகு இரத்தச் சோதனை. பிறகு சிறுநீரகத்தினின்று ஊசியால் நுண்துணுக்கு எடுத்து ஆராய்தல். நெஃப்ராட்டிக் நோய்த்தொகுதி என்று மருத்துவர் உரைத்தார். சிறுநீரகத்தின் நுண்வடிகள் பழுதுற்று, இரத்தத்தில் நிற்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீர் வழியே ஒழுகிவிடுகின்றது. பெரியவர்க்கு ஒரு நாளில் 3.5 கிராமுக்கு மேல் இங்ஙனம் வெளியேறின், அது இந்நோயின் அளவு என்பர். அல்புமின் குறைந்த இரத்தம் நீரைத் தன்னுள் நிறுத்தமாட்டாது. சிறுநீரகமும் உப்பை வெளியேற்றாது தேக்கும். அந்நீர் உடலில் எங்குத் தளர்ந்த இடம் உண்டோ அங்குத் தங்கும். படுத்திருக்கும்பொழுது கண்ணைச் சூழ்ந்து தங்கும். நடமாடும்பொழுது கணுக்காலுக்கு இறங்கும். சிகிச்சையின்றி விடின், இரத்தக் குழாயில் இரத்தம் உறையவும், கொடிய தொற்றுகள் பற்றவும் கூடும்.

அவனுக்கு வந்தது அந்நோயின் வகைகளுள் மருந்துக்கு இணங்குவதாகிய ஒன்று. பிரெட்னிசொலோன் என்னும் மாத்திரையைச் சில மாதங்கள் உட்கொண்டான். அம்மருந்தால் முகம் உருண்டு பருத்தது, உறக்கம் கெட்டது, ஒரு பருவத் தேர்வை எழுத இயலாது போயிற்று. ஆயினும் வீக்கம் வடிந்தது. புரத ஒழுக்கு நின்றது. அதன்பின் இருமுறை நோய் மீண்டது. இருமுறையும் தொடக்கத்திலேயே கண்டு அடக்கினர். இன்று அவன் தன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியன். காலையிற் கண் சற்றே கனத்தாலும், கண்ணாடியை நோக்குமுன் சிறுநீர்ச் சோதனைப் பட்டையை நோக்குவான்.

அவன் மருத்துவமனையிற் படுத்திருந்த நாட்களில் ஒரு மாலை, முதிய மருத்துவர் ஒருவரிடம் யான் கரண்டிக் கதையை ஒளியாது கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின் ஒரு வரலாறு சொன்னார். இலண்டன் மாநகரில் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர் இருந்தார். உடல் வீங்கி வருவாருடைய சிறுநீரைக் கரண்டியில் எடுத்து விளக்குச் சுடரிற் காய்ச்சுதல் அக்காலத்துச் சோதனை. நல்ல சிறுநீர் தெளிவாகவே நிற்கும். புரதம் உள்ளதோ முட்டையின் வெண்கரு போலத் திரையும். இங்ஙனம் திரைந்தவருள் இறந்தோருடைய உடலை ஆராய்ந்து, அவர்தம் சிறுநீரகம் கெட்டிருத்தலைக் கண்டு, வீக்கமும் புரதமும் சிறுநீரகக் கேடும் ஒரு தொடர்புடையன என்று 1827-ஆம் ஆண்டில் அவர் நூல் வெளியிட்டார். நெடுங்காலம் அந்நோய்க்குப் பிரைட் நோய் என்றே பெயர் வழங்கிற்று. "தம்பி, நீரும் கரண்டியை எடுத்தீர், அவரும் கரண்டியை எடுத்தார். நீர் வீக்கத்தை மறைக்க எடுத்தீர், அவர் காரணத்தை அறிய எடுத்தார்" என்று மருத்துவர் முடித்தார்.

அதன்பின்பு அவர் என் கண்களையும் பார்த்தார். "காலையிலும் மாலையிலும் ஒரே அளவா?" என்று கேட்டார், ஆம் என்றேன். தலையை அசைக்காது மேலே பார்க்கச் சொன்னார், புடைப்பு மிகுந்தது. கீழே பார்க்கச் சொன்னார், குறைந்தது. விரலால் மெல்ல அழுத்தினார், குழி விழவில்லை. "வீட்டில் வேறு யாருக்கேனும் இங்ஙனம் உண்டோ?" என்றார். என் தந்தையின் தாயாருடைய நிழற்படம் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அதனைக் கண்டதும் அவர் முறுவலித்து, "உமக்கு நோயில்லை, இஃது உம் பாட்டியார் வைத்துப்போன சொத்து" என்றார். ஐயத்திற்கு இடமின்றி என் சிறுநீரையும் தைராய்டையும் சோதிக்கச் செய்தார், இரண்டும் செவ்வையாயிருந்தன. ஓராண்டு என்னை வாட்டிய துயரம் கால்நாழிகையில் தெளிந்தது.

நண்பர்காள்! அவரிடத்தும், பின்னர்க் கண் மருத்துவர் சிலரிடத்தும் கேட்டறிந்தவற்றை ஈண்டு முறையாக வைக்கின்றேன். கண்ணின்கீழ் வீக்கம் என்பது பெயரளவில் ஒன்று, காரணத்தாற் பல. காரணம் வேறாயின் பரிகாரமும் வேறாதல் வேண்டும்.

முதலாவது, கொழுப்பினால் ஆவது. கண் என்னும் உருண்டை, எலும்புக் குழியில் கொழுப்பாகிய மெத்தைமேல் அமர்ந்துள்ளது. கீழிமையிற் கொழுப்பு மூன்று பிரிவுகளாய் இருக்கும். மெல்லிய தடுப்புச் சவ்வு ஒன்று அதனை முன்தள்ளாது தாங்கும். முதுமையில் இச்சவ்வு தளர்தலாற் கொழுப்பு முன்வரும். இளமையிலேயே வருவது பெரும்பாலும் குடிவழி அமைப்பு: கொழுப்புச் சற்று மிகுந்தோ, கன்னத்தெலும்பு சற்று உள்வாங்கியோ பிறந்த முகத்தில், 20 வயதிலும் அதற்கு முன்னரும் பை தோன்றும். இது நாள் முழுதும் ஒரே அளவினதாய் நிற்கும். மேல் நோக்கின் மிகும். இதற்குக் களிம்பு எதுவும் பயனில்லை. தோலின்மேற் பூசுவது சவ்வின் பின்னுள்ள கொழுப்பை எங்ஙனம் கரைக்கும்?

இரண்டாவது, நீரினால் ஆவது. உடலிலுள்ள தோல்களுள் இமைத்தோலே மிக மெல்லியது; ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தது. அதன்கீழ்த் தளர்ந்த திசுவே இருத்தலின், சிறிது நீரும் வெளியே தெரியும். இரவு உப்பு மிகுந்த உணவு உண்டாலும், அழுதாலும், உறக்கம் கெட்டாலும், மது அருந்தினாலும், குப்புறப் படுத்தாலும் காலையில் வீக்கம் காணும். பகலில் நிமிர்ந்திருக்க வடிந்துவிடும். இதற்கே குளிர் ஒற்றடம் உதவும். குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்குதலே காரணம். என் கரண்டிகள் முற்றும் பொய்யல்ல. தமக்குரிய இடத்தில் வைக்கப்படவில்லை. தலையணையைச் சற்று உயர்த்துதல், உறக்கத்தை ஒழுங்குபடுத்துதல், உப்பைக் குறைத்தல் ஆகியனவும் நன்று. பெரியவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமிற்குக் குறைதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் கூடிய விடுதி உணவில் அவ்வளவைக் கடப்பது எளிது. காப்பிச் சத்தாகிய காஃபீன் கலந்த களிம்புகளும் இவ்வகையில் சிறிது நேரம் சுருக்கம் தரும், அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது.

மூன்றாவது, ஒவ்வாமை. தூசியாலும், தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியா உண்ணிகளாலும், பூந்தாதாலும் மூக்கடைப்பும் தும்மலும் கண்ணரிப்பும் உடையாருக்கு, கண்ணின்கீழுள்ள சிரைகளில் இரத்தம் தேங்கி வீக்கமும் கருமையும் தோன்றும். கண்ணைக் கசக்குந்தோறும் அவை மிகும். கண் மை, முகப்பூச்சு, தலைச்சாயம் ஆகியவையும் சிலருக்கு ஒவ்வா. இவர்கள் செய்யத்தக்கது ஒவ்வாத பொருளை விலக்குதல், தலையணை உறைகளைச் சுடுநீரில் அலசுதல், மருத்துவர் சீட்டின்படி ஒவ்வாமை மாத்திரையோ மூக்கிலிடும் மருந்தோ கொள்ளுதல். மூக்கைக் குணப்படுத்தக் கண் தெளிவதை இவர்கள் காண்பர்.

நான்காவது, வீக்கமே இல்லாத வீக்கம். கீழிமைக்கும் கன்னத்திற்கும் இடையே பள்ளம் ஆழ்ந்திருப்பின், அதன் நிழல் மேற்பகுதியைப் பை போலக் காட்டும். விளக்கு மேலிருந்து விழும் கண்ணாடி முன் நிற்பவர் இதனாலேயே மிகவும் ஏமாறுவர். நம் நாட்டவர்க்கு இயல்பாகவே கண்ணைச் சூழக் கருநிறம் மிகுதலும் உண்டு. அது நிறமேயன்றிப் பை அன்று.

ஐந்தாவது, உள்நோயின் அடையாளம். சிறுநீரக நோயை மேலே கூறினேன். தைராய்டுச் சுரப்புக் குறைந்தாலும் முகம் ஊதும். சோர்வும், குளிர் தாங்காமையும், உடல் எடை மிகுதலும் உடன்வரும். அது மிகுந்து கண் முன்தள்ளும் நோயை அயர்லாந்து நாட்டு மருத்துவராகிய ராபர்ட்டு கிரேவ்ஸ் 1835-ஆம் ஆண்டிலே விரித்துரைத்தார். ஆதலின், வீக்கம் திடீரென வந்ததாயினும், நாள்தோறும் மிகுவதாயினும், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், சிறுநீர் குறைதல், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று உடனிருப்பினும், அன்றே மருத்துவரிடம் செல்க. ஒரு கண் மாத்திரம் சிவந்து வீங்கி, காய்ச்சலும், கண்ணை அசைக்க வலியும், பார்வை மங்கலும் இருப்பின், ஒருநாளும் தாமதித்தலாகாது. அது கண்குழியில் பரவிய தொற்றாயிருக்கலாம்.

இனி, நோயின்றி அமைப்பினால் மாத்திரம் வருந்துவார்க்கு மருத்துவ உலகம் தருவன யாவை எனின், கூறுவேன். பள்ளம் உடையார்க்கு ஹையலூரானிக் அமிலம் என்னும் கூழை ஊசியால் நிரப்புவர். அது பல மாதங்கள் நிற்கும், நிரந்தரமன்று, வேண்டாவிடிற் கரைக்கும் மருந்தும் உண்டு. ஆனால் அக்கூழ் நீரை ஈர்க்கும் தன்மையது; முன்னரே வீக்கம் உடையார்க்கு அதனை மிகுவிக்கும். மெல்லிய தோலின்கீழ் நீலநிறம் காட்டுதலும் உண்டு. ஊசி இரத்தக் குழாயிற் புகுந்து பார்வை இழத்தல் மிக அரிது, ஆயினும் நிகழ்ந்துள்ளது. ஆதலின் அழகு நிலையங்களில் அதனைச் செய்துகொள்வது பேதைமை. தோலை இறுகச் செய்யும் லேசர்க் கதிர்கள் நம் போன்ற கருநிறத் தோலில் நிறக்கேடு விளைக்கக்கூடும். தேர்ந்த மருத்துவரே அளவறிந்து செய்யத்தக்கது.

கொழுப்புப் பைக்கு உறுதியான பரிகாரம் அறுவையே. இமையைச் செப்பனிடும் அறுவைக்கு பிளெஃபரோபிளாஸ்டி என்னும் பெயரை 1818-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்டு ஃபான் கிரேஃபே வழங்கினார். இமையின் உட்புறம் கீறிக் கொழுப்பை எடுக்கும் முறையைப் பாரிசு நகரத்து பூர்கே என்பார் 1924-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். தோல் தளராத இளையார்க்கு இம்முறையே ஏற்றது. வெளியே தழும்பு தெரியாது. முற்காலத்திற் கொழுப்பை மிகுதியாக எடுத்துவிடுவர். ஆண்டுகள் செல்லக் கண் குழிந்து முதுமை தோன்றும். இக்காலத்தில் அதனை எடுக்காது பள்ளத்தில் நிரவிவிடுதலும் வழக்கம். ஒன்றிரண்டு வாரம் கன்றிய நீலம் நிற்கும். கண் உலர்தல், இமை கீழிழுபடல் ஆகியனவும், மிக அரிதாய்க் கண்ணின் பின்னே இரத்தம் கட்டிப் பார்வைக்கு இடையூறு வருதலும் உண்டென்பதை அறிந்தே இசைதல் வேண்டும். அழகு கருதிய அறுவைக்குக் காப்பீட்டுப் பணமும் பொதுவாகக் கிட்டாது.

யான் என் செய்தேன் என்று கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டில் கையிற் சிறிது பொருள் சேர்ந்தபின், அறுவை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் செய்யலாம் என்றார். செய்யாவிடினும் கேடில்லை என்றார். அவசரமில்லை, ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கலாம் என்றார். எண்ணிப் பார்த்து, வேண்டாவெனத் துணிந்தேன். அறுவை செய்துகொள்வது பாவமென்றோ வீண்பெருமையென்றோ யான் கருதவில்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர், நாள்தோறும் மக்கள்முன் நிற்கும் தொழிலினர், காரணம் அறிந்து, இடர் அறிந்து, அதனைச் செய்துகொண்டு மனநிறைவோடு வாழ்கின்றார். அவர்க்கு அது தகும். எனக்கோ, என்ன என்று அறியாமையே பெருஞ்சுமையாயிருந்தது. அறிந்தபின் பை இருந்தது, சுமை இல்லை. என் தாயிடம் பாட்டியின் படத்தைக் காட்டி மருத்துவர் கூறியதைச் சொன்னேன். அவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, "ஆமடா, அத்தையின் கண்ணேதான், நான் எப்படி மறந்தேன்?" என்றார். மறுவாரம் ஆலயத்தில் அம்மூதாட்டியைத் தாமே தேடிச் சென்று அதனை உரைத்தாராம்.

கொரிய நாட்டிலே இளையோர் சிலர், சிரிக்கும்பொழுது இமைமயிரின் கீழே எழும் சிறு புடைப்பை இளமையின் அழகென்று போற்றி, அஃது இல்லாதார் பொருள் கொடுத்து ஊசியால் உண்டாக்கிக் கொள்கின்றனர். அது தசையினால் ஆவது. யான் கூறிய பை அதற்குச் சற்றுக் கீழே கொழுப்பினால் ஆவது. ஆயினும் அரையங்குல இடைவெளியில் ஒன்று அழகும் மற்றொன்று குறையும் ஆவது, நம் நாணமெல்லாம் எத்துணைச் சிறு நிலத்தில் வேரூன்றியுள்ளது என்பதைக் காட்டுகின்றதன்றோ?

மாணவ நண்பர்காள்! நுங்களுள் ஒருவர் நாளைக் காலை கண்ணாடியில் வீங்கிய கண்ணைக் காணின், வில்லையும் கரண்டியும் தேடுமுன் சில வினாக்களை எழுப்புக. இது காலையில் மாத்திரம் உள்ளதோ, நாள் முழுதும் உள்ளதோ? புதிதோ, பழையதோ? குடும்பத்தில் உண்டோ? மூக்கு அடைத்துள்ளதோ? காலும் வீங்கியுள்ளதோ? சிறுநீர் நுரைக்கின்றதோ? ஐயமுளதாயின் ஒரு சிறுநீர்ச் சோதனை செய்துகொள்க. மிகச் சிறு செலவில், சில நிமிடங்களில் முடிவது அது. தோழன் ஒருவன் நுங்களிடம் அறிவுரை கேட்பின், அறிந்ததை அறிந்ததென்றும், அறியாததை அறியேனென்றும் கூறுக. "அறியேன், வா, மருத்துவரிடம் போவோம்" என்னும் சொல்லை அன்று யான் சொல்லியிருந்தால், என் நண்பனுக்கு மூன்று வாரங்கள் மிஞ்சியிருக்கும், ஒரு பருவத் தேர்வும் மிஞ்சியிருக்கலாம்.

அண்ணாச்சி சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றுத் தம் ஊர் சென்றுவிட்டார். விடுதியை விட்டு யான் நீங்கும் நாளில் அவரிடம் விடைபெறச் சென்றேன். இரண்டு தேக்கரண்டிகளை அவர் என் கையில் வைத்து, "காப்பிக்குச் சர்க்கரை கலக்க வைத்துக்கொள்ளும், தம்பி" என்றார். அவை இன்றும் என் வீட்டில் அவர் சொன்ன தொழிலையே செய்துவருகின்றன.